480 கிராம், 38,500 ரூபாய்: மலை ஓட்டத்துக்கு ஸ்லீப்பிங் பேக் வாங்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

போன மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு என் சித்தி பையன்கிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் வந்துச்சு. கீழ ஒரே வரி: "அண்ணா, இத போட்டுடவா? நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு, ஆஃபர் இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான்."

திறந்து பார்த்தா ஸ்லீப்பிங் பேக். எடை 480 கிராம். விலை 38,500 ரூபாய். ஒன்பது மாசத் தவணை, மாசம் 4,278.

தம்பிக்கு ஓஎம்ஆர்ல வேலை, சேர்ந்து ரெண்டாவது வருஷம். கைக்கு வர்றது 42,000. வாடகை, ஊருக்கு அனுப்பறது, பைக் டியூ எல்லாம் போக மாசக் கடைசியில ஒரு 9,000 நிக்கும். எமர்ஜென்சி ஃபண்ட்னு ஒதுக்கி வச்சிருக்கறது 35,000, அதாவது ஒரு மாசச் சம்பளம்கூட முழுசா இல்ல. ஆனா பொறுப்பில்லாத பையன்னு நினைச்சுடாதீங்க. வர்ற மே மாசம் எவரெஸ்ட் மாரத்தான் ஓடப் போறான். அதுக்கான பணத்த பதினாலு மாசமா ஆர்டி போட்டு சேர்த்திருக்கான். கிட் லிஸ்ட் வர்ற வரைக்கும் எல்லாம் கணக்காத்தான் போச்சு. அதுல "ஸ்லீப்பிங் பேக்" அப்படிங்கற ஒரு வரியப் பார்த்ததும் யூடியூப்ல உட்கார்ந்துட்டான். அங்க யாரோ ஒருத்தர் பல்லு தேய்க்கற பிரஷ்ஷோட கைப்பிடிய அறுத்து எடை குறைச்சதப் பார்த்திருக்கான். அதுக்கப்புறம் 480 கிராம் பேக்தான் கண்ணுக்குத் தெரியுது.

"ஆஃபர் போனா போகட்டும், நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வா"ன்னு சொன்னேன். அன்னிக்கு டைனிங் டேபிள்ல உட்கார்ந்து நாங்க போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. நானும் சில வருஷமா மலையில ஓடிட்டு இருக்கறவன், இதுல ஒரு தடவை நல்லா அடி வாங்கினவன். அதையும் சொல்றேன்.

அத யாரு தூக்கப் போறா?

தம்பிகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி விலையப் பத்தி இல்ல. "ஓடும்போது இந்த பேக் எங்க இருக்கும்?"

அவன் யோசிக்கவே இல்லாத கேள்வி அது. மலை ஓட்டம்னு ஒரே பேர் சொல்றோம், ஆனா ராத்திரி தூங்கற விஷயத்துல அது மூணு விதம்.

முதல் விதத்துல ஸ்லீப்பிங் பேக்குக்கு வேலையே இல்ல. யூடிஎம்பி கேள்விப்பட்டிருப்பீங்க. மோன் பிளான் மலைய பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூணு நாட்டு வழியாவும் சுத்தி வர்ற ஓட்டம். சுமார் 170 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 10,000 மீட்டர் கிட்ட. ராத்திரி பூரா ஓட்டம்தான். கட்டாயமா வச்சிருக்க வேண்டிய பொருள்ல வர்றது சர்வைவல் பிளாங்கெட், குறைஞ்சது 1.40 மீட்டருக்கு 2 மீட்டர். அந்தப் பளபளா தாள் சில நூறு ரூபாய்தான்.

ரெண்டாவது விதத்துல பேக் வேணும், ஆனா நீங்க தூக்க வேண்டாம். இத்தாலியோட ஆஸ்டா பள்ளத்தாக்குல நடக்கற டோர் டெ ஜியான் 330 கிலோமீட்டர், 24,000 மீட்டர் ஏற்றம், 150 மணி நேர அவகாசம். வழியில 'லைஃப் பேஸ்'னு பெரிய நிறுத்தங்கள் இருக்கு, படுக்கையும் அங்கேயே இருக்கும். உங்க பைய அமைப்பாளர்களே ஒரு நிறுத்தத்துல இருந்து அடுத்ததுக்குக் கொண்டு போயிடுவாங்க. வேல்ஸ் நாட்டுல டிராகன்ஸ் பேக் ரேஸ்னு ஒண்ணு, கான்வி கோட்டையில ஆரம்பிச்சு கார்டிஃப் கோட்டையில முடியும், ஆறு நாள். தினமும் ராத்திரி டென்ட்லதான் தூக்கம். அங்கயும் ஸ்லீப்பிங் பேக் வண்டியில வரும்.

தம்பி போற எவரெஸ்ட் மாரத்தானும் இந்த ரெண்டாவது வகைதான். 1953 மே 29-ல டென்சிங்கும் ஹிலரியும் உச்சிய தொட்ட நாள வச்சு, வருஷா வருஷம் அதே தேதியில நடக்குது. 5,364 மீட்டர் உயரத்துல இருக்கற பேஸ் கேம்ப்ல ஆரம்பிச்சு 3,440 மீட்டர்ல இருக்கற நாம்சே பஜார்ல முடியும். ஆனா ஆரம்பக் கோட்டுக்குப் போறதுக்கே ரெண்டு வாரம் கிட்ட நடக்கணும், உடம்பு உயரத்துக்குப் பழகணும் இல்லையா. அந்த நாள் முழுக்க டஃபிள் பேக் போர்ட்டர் தோள்ல, இல்லேன்னா யாக் முதுகுல. ஓடற அன்னிக்கு தம்பி முதுகுல இருக்கப் போறது தண்ணி, ஜாக்கெட், கொஞ்சம் சாப்பாடு, அவ்வளவுதான்.

"அப்போ இந்த 480 கிராம் யாருக்கு லாபம்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "யாக்குக்கு"ன்னான்.

(போர்ட்டர் முதுகுன்னா எடை எக்கச்சக்கமா இருக்கலாம்னு அர்த்தம் இல்ல. லுக்லா ஃப்ளைட்லயே ஒருத்தருக்கு பொதுவா 15 கிலோதான், கைப்பை உட்பட. அதுக்குள்ள ஒன்றரை கிலோ பேக் தாராளமா அடங்கும்.)

மூணாவது விதம்தான் நிஜமா கிராம் கணக்கு பார்க்க வேண்டிய இடம். ராத்திரிக்கான எல்லாத்தையும் முதுகுல போட்டுக்கிட்டே ஓடணும். அதுக்கு அப்புறம் வர்றேன்.

லேபிள்ல இருக்கற மூணு நம்பர்

ரெண்டாவது கேள்வி: "இந்த பேக் எத்தனை டிகிரிக்கு?"

"மைனஸ் ரெண்டுண்ணா. பெருசா போட்டிருக்கே."

இங்கதான் நான் அடி வாங்கினேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஹிமாச்சல்ல ஒரு மலை ஓட்டம். ஓட்டத்துக்கு முந்தின ரெண்டு ராத்திரி டென்ட்ல தங்கணும். சீசன் சேல்ல ஒரு பேக் வாங்கினேன், உறையில பெருசா '0' போட்டிருந்துச்சு. ராத்திரி குளிர் நாலு அஞ்சு டிகிரிக்குக் கீழ போகாதுன்னு சொன்னாங்க. பூஜ்யத்துக்கே தாங்கற பேக், நாலு டிகிரி என்ன பண்ணிடும்னு நினைச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்கு, வச்சிருந்த துணி எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு, ரன்னிங் வெஸ்ட்டுக்குள்ள கால விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ராத்திரியும் அதே கதை. ரெண்டு நாள் தூங்காம ஸ்டார்ட் லைன்ல நின்னா என்ன ஆகும்? பாதி தூரத்துலயே நிறுத்திட்டேன். என்ட்ரி ஃபீஸ், ஃப்ளைட், லீவு எல்லாம் சேர்த்து 30,000 கிட்ட போச்சு. வீட்டுக்கு வந்து உறைய உள்பக்கம் திருப்பினா, சின்ன எழுத்துல விவரம் இருக்கு. அந்த '0' எக்ஸ்ட்ரீம் அளவு.

இத கொஞ்சம் பொறுமையாப் படிங்க, ஏன்னா முழுக் கட்டுரையிலயும் காசு மிச்சப்படுத்தற இடமும் உடம்ப காப்பாத்தற இடமும் இதுதான்.

ஸ்லீப்பிங் பேக்குகளுக்கு ஐஎஸ்ஓ 23537னு ஒரு பரிசோதனை முறை இருக்கு. அதுக்கு முன்னாடி இஎன் 13537னு ஐரோப்பியத் தரம், பழைய பேக்கள்ல அதத்தான் பார்ப்பீங்க. சூடு தர்ற, சென்சார் வச்ச ஒரு பொம்மைய பேக்குக்குள்ள படுக்க வச்சு, எவ்வளவு சூடு வெளிய கசியுதுன்னு அளப்பாங்க. அதுல இருந்து மூணு நம்பர் வரும்.

கம்ஃபர்ட்: ஒரு சராசரிப் பெண் உடம்ப சுருட்டிக்காம, நிம்மதியாப் படுத்துத் தூங்கற அளவு. லிமிட், அதாவது லோயர் லிமிட்: ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து, நடுங்காம எட்டு மணி நேரம் தாக்குப் பிடிக்கற அளவு. எக்ஸ்ட்ரீம்: ஒரு சராசரிப் பெண் ஆறு மணி நேரம் உயிரோட இருக்கற அளவு. உயிரோடன்னா உயிரோட மட்டும்தான். உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கற அபாயம் அதுக்குள்ள இருக்கு.

கம்ஃபர்ட்டுக்கும் லிமிட்டுக்கும் பொதுவா ஒரு அஞ்சாறு டிகிரி வித்தியாசம் வரும். எக்ஸ்ட்ரீம் அதுக்கும் கீழ பத்து பதினஞ்சு டிகிரி தள்ளி நிக்கும். விளம்பரத்துல பெருசா போடறது இதுல எதுன்னு நீங்கதான் தேடணும். சிலர் கம்ஃபர்ட் போடுவாங்க, நிறைய பேர் லிமிட் போடுவாங்க, விலை குறைஞ்ச சில பேக்ல எக்ஸ்ட்ரீம். எந்தத் தரத்துல அளந்ததுன்னே போடாம வெறும் நம்பர் மட்டும் இருந்தா, அந்த நம்பர நம்ப எனக்கு மனசு வராது.

என் வழக்கம் இது: கம்ஃபர்ட் நம்பர் மட்டும் பார்ப்பேன், ஆணுக்கும் சரி பெண்ணுக்கும் சரி. ஏன்னா அந்தப் பொம்மை 30 கிலோமீட்டர் ஓடிட்டு வந்து படுக்கல. நாம ஓடி முடிச்சு, உடம்புல இருக்கற சத்தெல்லாம் எரிஞ்சு போய், பசியோட, ஈரத்தோட படுப்போம். அதுவும் சென்னை உடம்பு, 24 டிகிரி ஏசிக்கே போர்வைய இழுத்து மூடற உடம்பு.

தம்பி பார்த்த பேக்கோட பக்கத்துல கீழ போய்த் தேடினோம். மைனஸ் 2 லிமிட். கம்ஃபர்ட் பிளஸ் 4.

பேஸ் கேம்ப்ல மே மாசக் கடைசியிலயும் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போயிடும், படுக்கை பனிப்பாறை மேல போட்ட டென்ட்ல. அங்க போறவங்க கம்ஃபர்ட் மைனஸ் 10 கிட்ட இருக்கற பேக்கத் தேடணும். அதாவது நம்ம பையன் 38,500 கடன் வாங்கி, ஓட்டத்துக்கு முந்தின ராத்திரிகள்ல நடுங்கப் போற பேக்க வாங்கப் பார்த்திருக்கான். அந்த பேக்ல குறை எதுவும் இல்ல, அருமையான பொருள். அது வேற ஓட்டத்துக்கு செஞ்சது.

அப்போ 480 கிராம் யாருக்கு?

இங்கிலாந்துல ஓஎம்எம்னு ஒரு ஓட்டம். ஒரிஜினல் மவுன்டன் மாரத்தான். 1968-ல கேரிமோர் பேர்ல ஆரம்பிச்சது. அக்டோபர் கடைசி வாக்குல, ரெண்டு நாள், ரெண்டு பேர் சேர்ந்து ஒரு அணி. மேப்ப பார்த்து வழிய நீங்களே கண்டுபிடிக்கணும். டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, ரெண்டு நாள் சாப்பாடு எல்லாம் உங்க முதுகுல, ரெண்டாவது நாளும் அதே மூட்டையோட ஓடணும். மலைப் பாங்கான இந்த வகை ஓட்டம் பிரிட்டன்ல இன்னும் சிலது இருக்கு. பாலைவனத்துல இதே மாதிரின்னா மொராக்கோவோட மராத்தான் தே சாப்ல், ஸ்லீப்பிங் பேக் அங்க கட்டாயம். ஆன்சைட்ல இங்கிலாந்துப் பக்கம் இருக்கற நம்ம வாசகர்கள் சிலர் இதுக்கெல்லாம் போறாங்கன்னு தெரியும், அவங்களுக்குத்தான் இந்தப் பகுதி.

இங்க கிராமுக்குக் காசு கொடுக்கலாம். ஆனா எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கொடுங்க. ஒரு கணக்குக்கு, அதே மாதிரி கம்ஃபர்ட் இருக்கற, 1,100 கிராம் எடையுள்ள சாதா பேக் 7,500 ரூபாய்னு வச்சுக்கோங்க. 480 கிராம் பேக் 38,500. எடை வித்தியாசம் 620 கிராம், விலை வித்தியாசம் 31,000. ஒரு கிராம் குறைக்க 50 ரூபாய்.

இந்த 50 ரூபாய கையில வச்சுக்கிட்டு மூட்டையில இருக்கற மத்த பொருள ஒவ்வொண்ணா பாருங்க. தேவையில்லாத ரெண்டாவது டி-ஷர்ட்: 120 கிராம், செலவு பூஜ்யம். கனமான ஸ்டஃப் சாக்குக்கு பதிலா மெல்லிசு பிளாஸ்டிக் பை: 60, 70 கிராம், செலவு பத்து ரூபாய். மவுன்டன் மாரத்தான் ஓடறவங்க மேட்டுக்கு பதிலா பபிள் ராப் விரிச்சுப் படுக்கறது ரொம்ப காலமா நடக்கற வழக்கம். பார்சல்ல வருமே, நாம உட்கார்ந்து பட் பட்னு உடைப்போமே, அதேதான். இன்னும் சிலர் பையோட முதுகுப் பக்கம் இருக்கற ஃபோம உருவி எடுத்து அதுமேல படுப்பாங்க. இந்த மலிவான கிராம் எல்லாம் தீர்ந்த பிறகு 50 ரூபாய் கிராமுக்குப் போங்க. (என் இடுப்புல இருக்கற நாலு கிலோவ பத்தி என் மனைவி ஒரு கணக்கு சொன்னாங்க. அத இங்க எழுதல.)

இன்னொரு விஷயம், ஸ்லீப்பிங் பேக் தனியா வேலை செய்யாது. தரைக்கு உடம்புச் சூட்ட இழுக்கற சக்தி ரொம்ப அதிகம். அடியில மேட் சரியில்லேன்னா எவ்வளவு விலை கொடுத்த பேக்கும் தோத்துடும். மேட்ல ஆர்-வேல்யூன்னு ஒரு நம்பர் இருக்கும், அது கூடக் கூட தரைக் குளிர் தடுக்கும். அப்புறம், கட்டாயக் கிட்ல எப்படியும் ஒரு சூடான ஜாக்கெட் இருக்கும். அத மாட்டிக்கிட்டுப் படுத்தா பேக் இன்னும் லேசா இருந்தாலும் போதும். பழைய மலையேறிகள் இடுப்பு வரைக்கும் மட்டும் வர்ற அரை பேக்கும் மேல ஒரு தடித்த ஜாக்கெட்டுமா படுப்பாங்க. ஏற்கனவே காசு கொடுத்து வாங்கின ஜாக்கெட்ட ராத்திரியும் வேலை வாங்கறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா.

குவில்ட்டும் அதே யோசனைதான். நாம படுத்து நசுக்கற அடிப்பக்கத்து நிரப்பலால பெருசா பயன் இல்ல, அதனால அந்தப் பக்கத்தையே வெட்டிட்டு போர்வை மாதிரி மேல மட்டும் போர்த்திக்கறது. எடை குறையும், விலையும் பல நேரம் குறையும். புரண்டு படுக்கறவங்களுக்கு ஓரத்துல காத்து புகும். நான் புரண்டு படுக்கற ஆள், எனக்கு ஒத்து வரல.

தூவியா, சிந்தெட்டிக்கா

லேசான பேக்னு சொன்னாலே உள்ள இருக்கறது வாத்து இல்லேன்னா கூஸ் தூவி. இறகு இல்லங்க, இறகுக்கு அடியில பஞ்சு மாதிரி இருக்குமே அது. ஃபில் பவர் 800, 850னு போட்டிருப்பாங்க. ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலத்துக்கு உப்பி நிக்குதுங்கற கணக்கு அது. உப்பினாத்தான் உள்ள காத்து நிக்கும், காத்துதான் குளிர தடுக்குது. நம்பர் கூடினா அதே சூட்டுக்கு கம்மி கிராம் போதும், விலையும் ஏறும். 850 போட்ட பேக் சூடா இருக்கும்னு அர்த்தம் இல்ல, உள்ள எத்தனை கிராம் போட்டிருக்காங்கன்னு சேர்த்துப் பார்க்கணும். மொத்தத்துல கம்ஃபர்ட் நம்பர்தான் தீர்ப்பு.

தூவிக்கு எதிரி ஈரம். நனைஞ்சா உப்பாது, உப்பலேன்னா வெறும் நைலான் துணி. சிந்தெட்டிக் நனைஞ்சாலும் ஓரளவு சூடு கொடுக்கும், சீக்கிரம் காயும், விலை கம்மி. ஆனா அதே சூட்டுக்கு எடை கூட, பொட்டலமும் பெருசு. அடிக்கடி அமுக்கி அமுக்கி வச்சா சில வருஷத்துல உப்பறது குறைஞ்சிடும்.

2008-ல ஓஎம்எம் லேக் டிஸ்ட்ரிக்ட்ல, பாரோடேல் பக்கம் நடந்துச்சு. முதல் நாளே மழையும் காத்தும் வெள்ளமுமா வந்து ஓட்டத்தையே கைவிட வேண்டியதாச்சு. ரெண்டாயிரத்துக்கும் மேல ஆட்கள் மலையில. சாலையெல்லாம் தண்ணி. நூத்துக்கணக்கானவங்க ஹோனிஸ்டர் ஸ்லேட் சுரங்கத்துலயும் பண்ணைக் கொட்டகைகள்லயும் ராத்திரிய கழிச்சாங்க. அந்த மாதிரி ராத்திரியில உங்க தூவி பேக் உலர்ந்திருக்கணும்னா, அது ஒரு நல்ல ட்ரை பேக்குக்குள்ள இருந்திருக்கணும். 38,500 பேக்குக்கு 500 ரூபாய் ட்ரை பேக் வாங்க யோசிக்கறவங்கள பார்த்திருக்கேன்.

சென்னை, பாண்டி, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்க்காரங்களுக்கு ஒரு தனிக் கவலை இருக்கு. வருஷத்துல 350 நாள் இந்த பேக் உங்க வீட்டு பரண்லதான் இருக்கப் போகுது. புழுக்கத்துல, சின்ன உறையில இறுக்கி அமுக்கி வச்சா தூவி நாறும், உப்பற சக்தி போகும். அமுக்காம, காத்தோட்டமான பெரிய காட்டன் பையில வச்சு, நல்ல வெயில் நாள்ல நிழல்ல உலர்த்தி எடுக்கணும். துவைக்க தனி சோப்பு, ட்ரையர்ல மெதுவான சூட்டுல ரெண்டு மூணு டென்னிஸ் பந்து போட்டு, கட்டி உடையற வரைக்கும் மணிக்கணக்கா காய வைக்கணும். 1 பிஹெச்கேல இத யோசிச்சுப் பாருங்க.

கணக்கு நோட்டு

மறுபடி டைனிங் டேபிளுக்கு வர்றேன். காட்மாண்டுல தாமெல் பகுதி முழுக்க ட்ரெக்கிங் கடைங்க. மைனஸ் டிகிரிக்கான தடித்த தூவி பேக்க நாள் வாடகைக்குக் கொடுப்பாங்க, டெபாசிட் வாங்கிப்பாங்க. நாளைக்கு 150 ரூபாய்னு நாங்க ஒரு தோராயம் வச்சுக்கிட்டோம். 16 நாளுக்கு 2,400.

இப்போ 38,500-ஐ 150-ஆல வகுத்தா 257 ராத்திரி. வருஷத்துக்கு ஒரு பயணம், 16 ராத்திரின்னா, வாடகைக்கு சமமாக 16 வருஷம் ஆகும். சில வருஷம் கழிச்சு 15,000-க்கு வித்துடலாம்னு தம்பி வாதாடினான். சரி, கழிச்சுக்கலாம். 23,500-ஐ 150-ஆல வகுத்தா 157 ராத்திரி, பத்து வருஷம் கிட்ட. அதுக்குள்ள கல்யாணம், குழந்தை, வீட்டு லோன் எல்லாம் வந்துடும். அப்பவும் வருஷா வருஷம் போவியான்னு கேட்டேன், சிரிச்சான்.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி வீடியோவுலயே பல தடவை சொல்லியிருக்கேன், சுருக்கமா: வங்கி வட்டி போடும், அந்தத் தொகைய கடை தள்ளுபடியா கழிக்கும், ஆனா வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க கணக்குல. 15 சதவீத வட்டின்னு வச்சா இந்தத் தொகைக்கு சுமார் 400 ரூபாய், ப்ராசஸிங் ஃபீஸ் தனி. இந்த 400 பெரிய விஷயம் இல்ல. மாசம் மிஞ்சற 9,000-ல 4,278 ஒன்பது மாசத்துக்குப் பூட்டிடுது பாருங்க, அதுதான் விஷயம். நடுவுல வேலை போனா, ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம போனா, கையில இருக்கறது 35,000-ம் ஒரு ஸ்லீப்பிங் பேக்கும்.

நான் சொன்னது வாங்காதேன்னு இல்ல. வருஷத்துல 20, 25 ராத்திரி மலையில கழிக்கறவங்க சொந்தமா ஒண்ணு வாங்கறது சரி. உங்க வழக்கமான உயரத்துக்கு ஏத்த கம்ஃபர்ட்டோட, ஒரு கிலோ சொச்சம் எடையில ஒரு நடுத்தர பேக், ரொக்கத்துல. ரொம்பக் குளிரான பயணத்துக்கு மட்டும் வாடகை. மூட்டைய முதுகுல போட்டு ஓடற ரேஸ்ல ரெண்டு தடவை முடிச்சு, மூணாவதுக்கும் பேர் கொடுத்திருந்தா, அப்போ லேசான பேக்குக்கு மாசம் 2,000 தனியா ஒதுக்க ஆரம்பிங்க. செகண்ட் ஹேண்ட்ல பாருங்க. ரெண்டு தடவை பயன்படுத்திட்டு விக்கறவங்க நிறைய பேர், காரணம் இவ்வளவு நேரம் படிச்சிருப்பீங்களே. வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிங்க. தூவி ஒரு பக்கமா ஒதுங்கி நடுவுல வெறும் துணி தெரிஞ்சா வேண்டாம்.

வெளிநாட்டுல இருந்து கூரியர்ல வரவழைக்கறவங்க சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் சேர்த்துக் கணக்கு போடுங்க. அந்த நாட்டு விலை பார்த்து மயங்கிட வேண்டாம்.

மிச்சப் பணத்துல ஒரு பகுதிய எங்க போடணும்னும் அன்னிக்கே பேசிட்டோம்: டிராவல் இன்ஷூரன்ஸ். சாதாரண பாலிசி நிறையது குறிப்பிட்ட உயரத்துக்கு மேல போற ட்ரெக்கிங்கையும் போட்டிகளையும் விலக்கி வச்சிருக்கும். கும்பு பகுதியில ஹெலிகாப்டர் கூப்பிட்டா பில் லட்சக்கணக்குல வரும். பாலிசி வாசகத்துல எத்தனை மீட்டர் வரைக்கும்னு தேடிப் படிச்சுட்டு வாங்குங்க. தம்பி முதல்ல பார்த்து வச்சிருந்த பாலிசி 4,000 மீட்டரோட நின்னுடுது. அவன் ஓட ஆரம்பிக்கற இடமே 5,364.

வாடகை பேக் எடுக்கும்போது

கடையிலயே விரிச்சு அரை மணி நேரம் விட்டுடுங்க. உப்பி வரணும். அப்பளம் மாதிரி தட்டையாவே கிடந்தா அடுத்த பேக்க கேளுங்க. முகர்ந்து பாருங்க, கூச்சப்படாதீங்க, உங்க மூக்குதான் 16 ராத்திரி அதுக்குள்ள இருக்கப் போகுது. உள்ள படுத்துப் பாருங்க, தலை மூடற பகுதியில கயிறு இழுபடுதான்னு பாருங்க. ஏற்கனவே இருக்கற கிழிசல எல்லாம் போன்ல போட்டோ எடுத்து கடைக்காரர்கிட்ட காட்டிடுங்க, டெபாசிட் திரும்ப வாங்கும்போது பேச்சு வராது. எத்தனை டிகிரிக்குன்னு அவர் சொல்ற நம்பர அப்படியே நம்ப வேண்டாம். லேபிள் தேய்ஞ்சு போயிருந்தா, இருக்கறதுலயே தடிமனானத எடுங்க. தூக்கப் போறது யாக்தானே.

கூட ஒரு லைனர் மட்டும் சொந்தமா வாங்கிக்கோங்க. நூறு நூத்தம்பது கிராம்தான், வாடகை பேக்கோட அழுக்கு உங்க மேல படாது, கொஞ்சம் சூடும் கூடும். படுக்கறதுக்கு முன்னாடி நல்லா மூடற பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி கால்கிட்ட வச்சுக்கலாம். காலையில அதே தண்ணிய குடிக்கலாம்.

தம்பி லைனர் வாங்கிட்டான். இன்ஷூரன்ஸ் மாத்திட்டான். அந்த 4,278-ல பாதி இப்போ எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகுது. மீதிப் பாதிய "எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்"னு ஒரு தனி ஆர்டில போடறான், அது எதுக்குன்னு எனக்குத் தெரியும், அவங்க கம்பெனிக்கு மான்செஸ்டர்ல ஒரு ஆபீஸ் இருக்கு. தாமெல் கடையில இருந்து வீடியோ கால் பண்றேன்னு சொல்லியிருக்கான். ஜிப்ப மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை இழுத்துக் காட்டச் சொல்லியிருக்கேன். பாதி ராத்திரியில, க்ளவுஸ் போட்ட கையோட, ஜிப்புக்குள்ள துணி மாட்டிக்கிட்டா அத எடுக்கறதுக்குள்ள உள்ள இருந்த சூடெல்லாம் போயிடும்.